கோட்டுக்குப் பின்னால் ஐந்து கஜம்

என் மூத்த மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அமெரிக்கக் கால்பந்தில் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கிற பட்டப் போட்டி என்ற ஒன்று 1967-ல்தான் பிறந்தது என்று போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அடித்துச் சொன்னார். அதற்கு முன்னால் நாங்களெல்லாம் மைதானத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தோம் என்று நினைப்பு போலிருக்கிறது. நான் வாயைத் திறக்கப் போனேன். என் மனைவி லுவெல்லா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மாப்பிள்ளையிடம் சண்டை போடக் கூடாது என்று அர்த்தம். அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

1932 வரை பட்டத்துக்கென்று தனியாக ஓர் ஆட்டமே கிடையாது. டிசம்பர் வந்ததும் எந்த அணி எத்தனை ஜெயித்தது, எத்தனை தோற்றது என்று பார்ப்பார்கள். சமனில் முடிந்த ஆட்டங்களை எண்ணவே மாட்டார்கள், நடக்காத மாதிரி விட்டுவிடுவார்கள். அந்த வருஷம் எங்கள் சிகாகோ ஆறு ஜெயித்து ஒன்று தோற்றிருந்தது. ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கிற போர்ட்ஸ்மத் என்ற சின்ன ஊரும் ஆறு ஜெயித்து ஒன்று தோற்றிருந்தது. இரண்டு பேரும் தங்களுக்குள் மோதிய இரண்டு ஆட்டங்களும் சமன். பத்து ஆட்டம் ஜெயித்த கிரீன் பே, மூன்று தோற்ற பாவத்துக்காக, இந்த இரண்டு பேருக்கும் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல், இன்னும் ஓர் ஆட்டம் வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பட்டப் போட்டி பிறந்த கதை அவ்வளவுதான். யாரும் திட்டம் போட்டுப் பெற்ற பிள்ளை இல்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஓட்டகர் ஹவ்லிக் என்ற என் பெயரை முழுசாகச் சொல்ல சிகாகோவில் யாருக்கும் பொறுமை இல்லை, அதனால் ஓட்டோ. வாரத்தில் ஆறு நாள் ஒரு மரவாடியில் பலகை அடுக்குவேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் கோட்டோரம் சங்கிலி பிடிப்பேன். இரண்டு கம்பு, நடுவில் பத்து கஜச் சங்கிலி. பந்தை வைத்திருக்கிற அணி நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் சங்கிலியை இழுத்துப் பிடித்தால் மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் என் கம்பையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பெருமைக்காகவே சம்பளம் இல்லாமல்கூடப் போயிருப்பேன். என் கம்பு ஒரு நாளும் பொய் சொன்னதில்லை என்று பேட்டையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த டிசம்பரில் சிகாகோவில் பனி கொட்டித் தீர்த்தது. வெளியே ஆட முடியாது என்று, குத்துச்சண்டையும் பனி ஹாக்கியும் நடக்கிற பெரிய உள்ளரங்கத்துக்கு ஆட்டத்தை மாற்றினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் அங்கே சர்க்கஸ் நடந்து முடிந்திருந்தது. சர்க்கஸ்காரர்கள் கொட்டிய மண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யானையும் குதிரையும் தங்கள் பங்குக்கு விட்டுப்போனதும் அந்த மண்ணில் இருந்தது. நூறு கஜ மைதானத்துக்கு இடமில்லை, எண்பதுதான் கிடைத்தது. பக்கவாட்டிலோ கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். அந்த ஓர் ஆள் நான். சுவருக்கு அந்தப் பக்கம் முன்வரிசை. முன்வரிசைக்காரர்கள் கையை நீட்டினால் என் காதைத் திருகலாம், அவ்வளவு நெருக்கம்.

ஒரு பக்க மூலையில், ஊதா நிற ரிப்பன் குத்திக்கொண்டு ஓர் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஊதா போர்ட்ஸ்மத்தின் நிறம். அப்பா ஹார்லன் டாக்கெட், அங்கே ஒரு பூட்ஸ் தொழிற்சாலையில் தோல் வெட்டுகிறவர். மகள் லுவெல்லா அதே தொழிற்சாலையில் தையல் பிரிவு. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முதலில் தெரிந்தது குரல் மட்டும்தான்.

"ஏங்க, உங்க கம்பு சாயுது."

பதறிப்போய் நிமிர்த்தினேன்.

"இப்ப அந்தப் பக்கம் சாயுது."

திரும்பிப் பார்த்தேன். விளிம்பு இறங்கிய தொப்பி, அதற்குக் கீழே சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற வாய். என் கம்பு எந்தப் பக்கமும் சாயவில்லை. அடுத்த தடவை பந்து அந்த மூலைக்கு வந்து, அதன் பின்னாலேயே நானும் வந்தபோது, சிகாகோவில் எப்போதுமே இப்படித்தான் நாறுமா என்று கேட்டாள். விருந்தாளிகள் வந்தால் மட்டும்தான் என்றேன். பக்கத்தில் அப்பா தலையைத் திருப்பாமல், அந்த ஆளை வேலை பார்க்க விடு லூ என்றார். அவர் ஆட்டத்தில் மூழ்கிக் கிடந்தார்.

என் வேலை பந்தோடு நகர்கிற வேலை. அந்த மூலைக்கு நான் போவதும் போகாததும் பந்தின் கையில் இருந்தது. பந்து இந்தப் பக்கம் வரட்டும் கடவுளே என்று அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டினேன். யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான் என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன். சிகாகோவில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் அவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் உண்மை அதுதான்.

மூன்று பகுதி ஆட்டம் முடிந்தும் இரண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட இல்லை. போர்ட்ஸ்மத்தின் முதல்தர ஆட்டக்காரர் வரவே இல்லை. மேற்கே ஒரு கல்லூரியில் பையன்களுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுக்கிற வேலையை முன்னாலேயே ஒத்துக்கொண்டிருந்தார், அங்கே போய்விட்டார். பட்டத்தைவிடக் கூடைப்பந்து வேலை நிரந்தரம், அந்தக் காலம் அப்படி. நாலாவது பகுதியில் சிகாகோ பந்தை மடக்கிப் பிடித்து, லுவெல்லா உட்கார்ந்திருந்த மூலைக்குப் பக்கத்தில், தாண்டினால் புள்ளி கிடைக்கிற எல்லைக்கு ஏழு கஜத்தில் கொண்டுவந்து வைத்தது.

எல்லைக்குப் பத்து கஜத்துக்கும் குறைவு என்றால் சங்கிலிக்கு வேலை இல்லை. அளப்பதற்கு ஒன்றும் கிடையாது, ஒன்று எல்லையைத் தாண்டுவார்கள் அல்லது தாண்ட மாட்டார்கள். சங்கிலியை மண்ணில் போட்டுவிட்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். மூன்று முயற்சியில் போர்ட்ஸ்மத் மறித்துவிட்டது. பந்து எல்லைக்கு இரண்டு கஜத்தில் கிடந்தது. நாலாவது, கடைசி முயற்சி.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் கல்யாணமே அந்த விதியில் மாட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் பந்தை முன்னால் எறிய வேண்டுமானால், எறிகிறவன் பந்து வைத்த கோட்டுக்குக் குறைந்தது ஐந்து கஜம் பின்னால் நிற்க வேண்டும். நாலரை என்றாலும் செல்லாது. சிகாகோவின் முரட்டு ஓட்டக்காரர் பந்தை வாங்கிக்கொண்டு நேரே முட்டப் போனார், சட்டென்று நின்றார், பின்வாங்கினார், எம்பி எறிந்தார். எல்லைக்குள் காத்திருந்த ஆள் பிடித்துக்கொண்டார். புள்ளி.

இதெல்லாம் நான் மறுநாள் பத்திரிகையில் படித்தது.

நான் அப்போது ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். லுவெல்லா டாக்கெட் கையுறையின் விரல் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். தொப்பியின் விளிம்பு கண்ணுக்கு நிழல் போட்டிருந்தது. என் தோளுக்கு மேலாகப் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். இந்தப் பெண் தோற்றுப்போய் அழுதுகொண்டு ஊர் திரும்பக் கூடாதே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. அப்போதுதான் அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி சத்தம் எழுந்தது. திரும்பிப் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது.

போர்ட்ஸ்மத் தரப்பு மொத்தமும் நடுவரைச் சூழ்ந்துகொண்டது. ஐந்து கஜம் இல்லை, இல்லவே இல்லை என்று கத்தினார்கள். நடுவர் எறி செல்லும் என்று தலையை ஆட்டிவிட்டார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு புள்ளி விழுந்து, ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று சிகாகோ பட்டம் வாங்கியது. இந்த ஆட்டத்தையும் தோல்வி வரிசையில் சேர்த்துவிட்டார்கள். அதனால் காலையில் முதலிடத்தில் இருந்த போர்ட்ஸ்மத், பட்டத்துக்காக ஆடப் போன ஒரே குற்றத்துக்காக, கிரீன் பேக்கும் கீழே மூன்றாவது இடத்துக்குப் போனது.

கூட்டம் கலைகிறபோது ஹார்லன் டாக்கெட் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, நீ கிட்டத்துலதான நின்ன. அஞ்சு கஜம் இருந்துச்சா, இல்லையா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். கோட்டோரம் நிற்க இடம் கொடுத்தும் ஆட்டத்தைப் பார்க்காத மடையன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமே என்று பட்டது. எங்கள் கோட்டு நடுவர் தீர்ப்புகளைப் பற்றி வெளியாட்களிடம் பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். அது கை கொடுத்தது.

"நாங்க அதப் பத்திப் பேசக் கூடாதுங்க" என்றேன்.

மனிதர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பேசக் கூடாது என்றால் பேசுவதற்கு ஏதோ இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். நுழைவுச் சீட்டின் பின்னால் விலாசம் எழுதிக் கொடுத்தார். பேசலாம் என்கிற நாள் வரும்போது ஒரு வரி எழுது என்றார்.

ஜனவரியில் அவரே எழுதினார். கையெழுத்து மட்டும் லுவெல்லாவுடையது. கத்தி பிடித்துப் பிடித்து விரல் மடங்கிப்போன மனிதர், சொல்லச் சொல்ல அவள் எழுதியிருக்கிறாள். 'மேற்படி ஆட்டத்தில் மேற்படி எறி ஐந்து கஜத்துக்குப் பின்னாலிருந்து எறியப்பட்டதா என்பதைத் தெரிவிக்கவும்' என்று கோர்ட்டுக் காகிதம் மாதிரி நாலு வரி. அதற்கு அடியில், அப்பாவுக்குத் தெரியாமல் சேர்த்த ஒரு வரி: 'கம்பு இப்போதாவது நேராக நிற்கிறதா?'

கம்பைப் பற்றி ஒரு பக்கம் பதில் எழுதினேன். ஐந்து கஜத்தைப் பற்றி, மேலிடத்தில் அனுமதி கேட்டிருப்பதாக ஒரே வரி. அடுத்த மாதம் மறுபடி கேள்வி வந்தது. மறுபடி நான் அனுமதிக்குக் காத்திருந்தேன். மேலிடம் என்று ஒன்று இருந்தால்தானே அனுமதி வரும். நான் பதில் சொல்கிற வரைக்கும்தான் கடிதம் வரும் என்பது எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. கோர்ட்டுக் காகிதம் மாதம் மாதம் சுருங்கியது, அடியில் இருந்த வரிகள் பக்கம் பக்கமாக வளர்ந்தன.

இதற்கிடையில் அணிக்காரர்கள் கூடி அந்த ஐந்து கஜ விதியையே தூக்கிவிட்டார்கள். கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்து வேண்டுமானாலும் எறியலாம். விதியே போன பிறகு அவருக்கு அந்தக் கேள்வி எதற்கு, கடிதம் எதற்கு? ஆனால் அந்த மாதக் கடிதம் வழக்கத்தைவிடச் சூடாக வந்தது. விதியை மாற்றுகிறார்கள் என்றால் மனசாட்சி உறுத்துகிறது என்று அர்த்தம், ஆகவே உடனே உண்மையைத் தெரிவிக்கவும் என்று. ஹார்லன் டாக்கெட்டை அன்றைக்குத்தான் நான் முதல் முறையாக மனசார வாழ்த்தினேன்.

அந்த வருஷம் அணிகளைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கத்திலும் முதலிடம் பிடித்த அணிகள் டிசம்பரில் மோத வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். சிகாகோவும் நியூயார்க்கும் மோதிய அந்த ஆட்டத்திலும் நான்தான் சங்கிலி பிடித்தேன். ஒரு நொடிகூடப் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்வரிசையில் பார்க்கத் தகுந்தவர்கள் யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு முன்னால் கோடையில், சிகாகோ உலகக் கண்காட்சிக்கு லுவெல்லா தன் அத்தையோடு வந்திருந்தாள். அத்தை ஐஸ்கிரீம் வரிசையில் நின்ற நேரத்தில் நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். பார்க்கவே இல்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். அதற்கு அவள் சரி என்று சொல்லவில்லை, வேறு ஒன்று சொன்னாள்.

"அப்பா கேக்காம விடமாட்டாரு. நீ நாலு கஜம்னு சொல்லிரு."

"பாக்காம எப்படிச் சொல்றது?"

"நான் பாத்தேன்ல. நாலு கஜம்தான். என் கண்ணால பாத்தேன்."

அவளைக் கட்டிக்கொள்வதற்கு இதைவிடச் சுலபமான வழி இருக்க முடியாது. ஒரே ஒரு எண், அதுவும் கண்ணால் பார்த்த ஒருத்தி சொன்ன எண். ஆனாலும் எனக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது. அவளுக்கு என்னவோ ஒரே பிடிவாதம். அப்பாவுக்கு வேறு ஆசையே கிடையாது, அதை மட்டும் கொடுத்துவிடு என்றாள்.

மறுவருஷம் போர்ட்ஸ்மத் அணியை விற்றுவிட்டார்கள். அது டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டது. சின்ன ஊர், கஷ்ட காலம், தாங்க முடியவில்லை. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று லுவெல்லா எழுதினாள். ஊரில் அணியும் இல்லை, அந்த விதியும் இல்லை, மிச்சம் இருப்பது அந்தக் கேள்வி மட்டும்தான். ஜூலை மாதம் நான் ரயில் ஏறினேன். பெண் கேட்கப் போகிறேன் என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். ஹார்லன் டாக்கெட்டைப் பொறுத்தவரை பதில் வருகிறது.

சமையலறையில் பீன்ஸும் சோளரொட்டியும் வைத்தார்கள். மனைவியை இழந்த வீடு, ஆனால் துப்புரவாக இருந்தது. அவர் பிரயாணம் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. நான் கடைசி வாயை விழுங்கியதும் எழுந்து, வா என்று கொல்லைப்பக்கம் நடந்தார்.

அங்கே புல்லில் முளை அடித்து வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது. ஒரு கயிறு பந்து வைத்த கோடு. அதற்குச் சரியாக ஐந்து கஜம் தள்ளி இன்னொரு கயிறு. தோல் வெட்டுகிறவர் அளந்தது, மயிரிழை பிசகாது. துணி காய்கிற கம்பத்துக்குப் பக்கத்தில் என்னை நிற்கச் சொன்னார். அதுதான் நான் நின்ற இடமாம். சுவரையும் முன்வரிசையையும்கூட எங்கே இருந்தது என்று காட்டினார். பந்துக்குப் பதிலாக, பூட்ஸ் தைக்கிற கால் வடிவ மர அச்சு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான்தான் அந்த சிகாகோக்காரன். முட்டப் போறேன், நிக்கிறேன், பின்னால வரேன். அவன் எங்க நின்னு எறிஞ்சானோ அங்க வந்ததும் நிறுத்துன்னு சொல்லு. அவ்வளவுதான்."

அவர் ஓடினார். ஐம்பத்தைந்து வயது, முட்டி வலி உள்ள மனிதர், தலையைக் குனிந்துகொண்டு நிஜமாகவே நாலு எட்டு முட்டப் போனார். நின்றார். மர அச்சைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் பின்னால் வர ஆரம்பித்தார். கண் என் வாயை விட்டு நகரவில்லை.

இரண்டு கஜம். மூன்று. சமையலறை ஜன்னலில் லுவெல்லா நின்றாள். வலது கையைத் தூக்கி, நாலு விரலை விரித்துக் காட்டினாள்.

நாலு கஜம். இங்கே ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் எனக்குக் கிடைக்கும். நான் வாயைத் திறந்தேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாக ஒரே ஒரு உண்மைக்காகக் காத்திருக்கிற முகம். அதில் போய் எப்படிப் பொய்யைப் போடுவது? என்னால் முடியவில்லை. அவர் ஐந்து கஜக் கயிற்றைத் தாண்டினார். அவர் முகம் வாடியது, ஆனாலும் நிற்கவில்லை. ஆறு. ஏழு. அவரைக்காய்க் கொடிக்குள் போனார். வேலியில் முதுகு இடித்ததும்தான் நின்றார். அச்சு இன்னும் தலைக்கு மேல் இருந்தது.

"இன்னும் பின்னாலயா?" என்றார். குரலே எழும்பவில்லை.

"சார், நான் பாக்கல."

"என்ன பாக்கல?"

"அவர் எறிஞ்சத. நான் இந்தப் பக்கம் திரும்பி உங்க பொண்ணப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் பேசக் கூடாது, அனுமதி வரலன்னு எழுதினதெல்லாம்?"

"சொல்லிட்டா லெட்டர் நின்னுடும்னு பயம்."

அச்சு மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, சட்டையில் ஒட்டிய அவரை இலையை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். சாயங்கால ரயில் எத்தனை மணிக்கு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னை வைதாலும் தேவலை, அடித்தாலும் தேவலை என்றிருந்தது. லுவெல்லா இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதை நினைக்க முடியவில்லை.

அவர் கடைசியில் பேசினார். என்னைப் பார்த்து இல்லை, அந்த வெள்ளைக் கயிறுகளைப் பார்த்து.

"நீ எம்பொண்ண வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்தது எனக்குத் தெரியும்யா. நான் உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ராத்திரி பூரா ரயில்ல வந்து, முன்வரிசையில இடம் பிடிச்சு உக்காந்து, ஆட்டத்தோட உயிரே அந்த ஒரு எறியில இருக்கும்போது, எவண்டா இவன் கம்பைப் பிடிச்சுக்கிட்டு எம்பொண்ணப் பாக்குறான்னு உன்னப் பாத்தேன். அப்புறம் இவ என்ன பண்றான்னு இவ பக்கம் திரும்பினேன். அந்த நேரத்துல எறிஞ்சுட்டான்."

நான் கம்பத்தை விட்டு ஓர் அடி முன்னால் வந்தேன்.

"அந்தக் கடைசி நொடியில நீயாவது திரும்பியிருப்பியோன்னு ஒரு நப்பாசை. அதான் கேட்டேன். ஊருல எல்லாரும் என்னத்தான் கேக்குறாங்க, நீதானய்யா கிட்டத்துல இருந்தன்னு. நாலு கஜம், என் கண்ணால பாத்தேன்னு ஒன்றரை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். சர்ச்சுல வச்சுகூடச் சொன்னேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் பக்கத்தில் அப்படியெல்லாம் கட்டிக்கொள்ள மாட்டோம், அதனால் நானும் இன்னொரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, இவளைக் கட்டிக்கொள்ளத்தானே வந்திருக்கிறாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு நிபந்தனை உண்டு என்றார். இந்த ஊர் எல்லைக்குள் யார் கேட்டாலும் நாலு கஜம் என்றுதான் நான் சொல்ல வேண்டும். கம்பு பிடித்தவனே சொல்லிவிட்டான் என்றால் அப்புறம் அவரை யாரும் குடைய மாட்டார்கள். சிகாகோவுக்குப் போய் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், அங்கே அவருக்கு யாரையும் தெரியாது. என் கம்பு பொய் சொல்லாது என்ற பெருமை அன்றைக்கு அந்த அவரைக் கொடியடியிலேயே அடங்கியது. உடனே ஒத்துக்கொண்டேன். மனசு அடித்துக்கொள்ளாமல் ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் இருந்தது, அதை அவரிடமே சொன்னேன்.

"பொய் ஒண்ணும் இல்ல சார். நாலு கஜம்தான். லூ பாத்திருக்கா."

ஹார்லன் டாக்கெட் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அணி போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் சிரித்துக் கேட்டதில்லை என்று லுவெல்லா பிறகு சொன்னாள். தொட்டி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

"அவ எங்கய்யா பாத்தா? நான் திரும்பினப்ப அவ உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தா. பந்து பறந்து போய்க் கூரையில ஒட்டியிருந்தாகூட அவளுக்குத் தெரிஞ்சிருக்காது."

ஒன்றரை வருஷமாக அவள் பந்தைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் விளையாட்டுக்கு வாயாடினாள், நான்தான் விழுந்துகிடந்தேன் என்று. அத்தனை கடிதத்திலும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினேன். என்ன நடக்கிறது என்று தெரியாமல், பாவம், அவள் இன்னும் நாலு விரலைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

அப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன ஆச்சு இவருக்கு? நாலுன்னு சொன்னியா?"

"நாலுன்னே முடிவாயிருச்சு" என்றேன்.

"அதான் அப்பவே சொன்னேன்ல. நான் பாத்தேன்னு."

"ஆமா. நீ பாத்தத உங்கப்பா பாத்தாராம்."

அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்துபோய், பாத்திரம் கழுவ வேண்டும் என்று உள்ளே ஓடினாள். அக்டோபரில் போர்ட்ஸ்மத் சர்ச்சில் எங்கள் கல்யாணம் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் வாழ்த்துவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். நான் நாலு என்றேன். பக்கத்தில் மணப்பெண், நானும் என் கண்ணால் பார்த்தேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள்.